குலசிங்கத்துக்கு வந்த வாக்குச்சீட்டு

செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணியளவில், லெட்டர் பாக்ஸின் மூடி அடிபட்ட சத்தத்தில் விழித்தேன். ஒனிஹங்கா என்ற புறநகரில் நான் வாடகைக்கு இருந்த அறை முன்பு கராஜாக இருந்தது. என் தலைமாட்டுக்கும் தபால் பெட்டிக்கும் இடையில் ஒரு பலகைச் சுவரும் நாலடி புல்லும்தான். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வந்து படுப்பவனை அந்த மூடி தினமும் எழுப்பிவிடும். எழும்பிய பிறகு சும்மா இருக்க முடியாது. கடிதங்களை எடுத்து உள்ளே கொடுப்பேன்.

அன்று ஒரே அளவில் நான்கு உறைகள் வந்திருந்தன. உள்ளே இருப்பவை வாக்குச்சீட்டுகள் என்று வெளியே அச்சிட்டிருந்தது. ஒன்று எனக்கு. ஒன்று வீட்டுக்காரர் தியாகலிங்கத்துக்கு. ஒன்று அவர் மனைவி இராசமலருக்கு. நான்காவது குலசிங்கத்துக்கு.

நான்காவதை மூன்று தடவை படித்தேன். முழுப்பெயர். சரியான முகவரி. பிழை எதுவும் இல்லை. அதுதான் பிழை.

குலசிங்கம் இராசமலரின் தம்பி. முப்பத்துநாலு வயது. மூன்று வருடங்களுக்கு முன் விசிட்டர் விசாவில் வந்து, அகதி என்று விண்ணப்பித்தார். மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தார். அதையும் மறுத்தார்கள். நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. அவர் போகவில்லை. கீரை கழுவிப் பொதி செய்யும் ஒரு கொட்டகைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கடைசி முயற்சியாக வழக்கறிஞர் அமைச்சருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். இவருக்கு இங்கே கூடப் பிறந்த அக்கா இருக்கிறார், எந்தக் குற்றமும் செய்யாதவர், இரக்கம் காட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. குலசிங்கத்தின் முகவரியாகத் தன் அலுவலகத்தையே வழக்கறிஞர் கொடுத்திருந்தார். பதில் வரும்வரை பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல்கூட ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வதிவிட உரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவது பஸ் டிக்கெட்டைவிடப் பெரிய விஷயம் என்பது எனக்கே தெரியும்.

நான் உறைகளோடு குசினிக்குப் போனேன். இராசமலர் மத்தியான வேலைக்குப் போகச் சட்டை அயன் செய்துகொண்டிருந்தார். திங்களில் குலசிங்கத்துக்கு விடுமுறை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரஜிதன், பில்லோ?" என்றார் இராசமலர்.

"இல்லை அன்ரி. வோட்டு."

"எங்களுக்கோ? நாங்கள் கேக்கேல்லையே."

"கேக்கத் தேவையில்லை. பதிவில பேர் இருந்தா அவங்களே அனுப்புவாங்கள். நகரசபைத் தேர்தலுக்கு இங்க வாக்குச்சாவடி இல்லை. வீட்டில இருந்து குறிபோட்டுத் தபாலில திருப்பி அனுப்பவேணும்." சொல்லிவிட்டு நான்காவது உறையைக் குலசிங்கத்தின் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. குனிந்து படித்தார். பிறகு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். திரும்பி வந்து மறுபடியும் குனிந்து படித்தார்.

"மூண்டு வருசமாய்ப் போ போ எண்டு கலைக்கிறாங்கள்," என்றார். "இப்ப ஆரை மேயராக்கலாம் எண்டு என்னட்டக் கேக்கிறாங்கள்."

இராசமலர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இது பொறியோ?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். ஆனாலும் ஆங்கிலக் கடிதம் என்றால் அந்த வீட்டில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பொறியாக இருக்காது என்றுதான் நினைத்தேன். பொறி வைப்பவன் வேட்பாளர்களின் படங்களோடு ஒரு புத்தகத்தையும் சேர்த்து அனுப்ப மாட்டான். ஆனால் குலசிங்கத்தின் பெயர் அவர்களிடம் எப்படிப் போனது?

"தம்பி, நீ எங்கையும் கையெழுத்துப் போட்டனியோ?"

குலசிங்கம் யோசித்தார். "அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவங்கள் கொண்டுவந்தவர். எல்லாரும் போட்டம். நானும் போட்டன்."

"என்ன படிவம் எண்டு கேக்கேல்லையோ?"

"அத்தான் தந்தா நான் கேக்கிறேல்லை."

எனக்கும் அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. நானும் கேட்கவில்லை.

தியாகலிங்கம் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கிராம சேவகராக இருந்தவர். வீடு வீடாகப் போய் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி, வாக்காளர் இடாப்புக்கு, அதாவது பெயர்ப் பட்டியலுக்கு, கொடுத்தது அவர்தான். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. நான்கு மணிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுவதற்குள் இராசமலர் உறையை நீட்டினார். அன்று மத்தியான வேலைக்குப் போகாமல் சுகமில்லை என்று சொல்லி நின்றுவிட்டிருந்தார்.

தியாகலிங்கம் உறையை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள்," என்றார். "ஒரு எழுத்தும் மாறேல்லை."

"நீங்களோ குடுத்தனீங்கள்?"

"ஓம். இந்த வீட்டில படுத்தெழும்புறவன் இந்த வீட்டு இடாப்பில இருக்கவேணும். நாளைக்கு அமைச்சர் ஆளனுப்பி, இவன் இங்க இருந்தவன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டால்? வாய்ப்பேச்சோ காட்டுறது?"

அப்போதுதான் விளங்கியது. அவர் உதவிதான் செய்திருக்கிறார். அவருடைய ஊரில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது வாக்குப் போடுவதற்கு மட்டுமல்ல. காணிப் பிணக்கு, பள்ளி அனுமதி, அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் இன்ன வருடம் இன்ன வீட்டில் இருந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. வெளிநாடு போன பிள்ளையின் பெயரைக்கூட வெட்ட விடாமல் வைத்திருக்கும் தாய்மார் உண்டு. வாக்குப் போடவேண்டிய நாளில் போகாமல் விட்டால் சரி. பெயர் பேசாமல் புத்தகத்தில் கிடக்கும்.

இங்கே பெயர் பேசாமல் கிடக்கவில்லை. கடிதம் போட்டுவிட்டது.

"படிவத்தில என்ன எழுதியிருந்தது எண்டு வாசிச்சனீங்களோ?" என்றார் இராசமலர். "இந்த நாட்டில இருக்க உரிமை உள்ள ஆள் எண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறியள். இருவத்திரண்டு வருசம் உத்தியோகம் பாத்துப் படிச்சது இதுதானோ?"

"நான் பொய் எழுதேல்லை. அவன் இங்க இருக்கிறான். இல்லையோ? இருக்கிறான். உரிமை இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறது கச்சேரியின்ர வேலை," என்றார், ஊரின் மாவட்டச் செயலகத்தை நினைத்து.

"இங்க ஏது கச்சேரி?"

தியாகலிங்கம் குனிந்தார். சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பிறகு என்ன செய்வது என்று நாலு பேரும் இருந்து கதைத்தோம். உறையை எரித்துவிடலாம் என்றார் இராசமலர். எரித்தாலும் பெயர் அங்கே இருக்கும், அடுத்த தேர்தலுக்கு இன்னொன்று வரும் என்றேன் நான். அப்படியென்றால் வாக்கைப் போட்டே அனுப்பலாம் என்றார் தியாகலிங்கம். போடாமல் விட்டவர்களைத்தான் தேடுவார்கள், போட்டவனைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. குலசிங்கம் வேட்பாளர்களின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"உதில ஆரைத் தெரியும் உனக்கு?" என்றார் அக்கா.

"ஒருத்தரையும் தெரியாது. இந்த மனிசன் நாய்களுக்குப் பார்க் கட்டித் தருவனெண்டு சொல்லுறார்."

"அப்ப அவருக்குப் போடு," என்றார் தியாகலிங்கம். பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிவில் இருப்பதே ஒரு குற்றம், போட்டால் இரண்டாவது என்று சொன்னேன். அதையும் உறுதியாகத் தெரிந்து சொல்லவில்லை. எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த நாள் பகல் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உறையில் இருந்த இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொல்லக் கூடாது, பொதுவாக ஒரு கேள்வி கேட்பதாக மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண் எடுத்தாள். தகுதியில்லாத ஒருவரின் பெயர் தவறுதலாகப் பதிவில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் மிகவும் அன்பாக, "யாருடைய பெயர்?" என்றாள். வைத்துவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. பதினாலு தடவை அடித்து நின்றது. அவர்கள்தானா? நான் கூப்பிட்ட எண் அவர்களுக்குத் தெரிந்துவிட்டதா? யாராவது சோபா விற்பவனா? அதற்குப் பிறகு என்னால் தூங்க முடியவில்லை. போன் செய்ததை யாரிடமும் சொல்லவுமில்லை. உதவப் போய் நான் செய்ததும் தியாகலிங்கம் செய்ததும் ஒன்றுதான்.

சனிக்கிழமை குலசிங்கம் என் கதவைத் தட்டினார். நூலகத்துக்குப் போவோமா என்றார். வாக்காளர் பதிவேட்டை அங்கே யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களாம். கீரைக் கொட்டகையில் ஒருவர் சொன்னாராம்.

"ஆரும் பாக்கலாமெண்டால், ஆரும் பாக்கலாம்தானே," என்றார். நான் விளங்கிக்கொண்டேன். குடிவரவு அதிகாரிகளும் பார்க்கலாம்.

ஒனிஹங்கா நூலகத்தில் அது ஒரு மேசையில் சாதாரணமாகக் கிடந்தது. தடித்த புத்தகம். பக்கத்தில் ஒரு கிழவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். குலசிங்கம் ஆட்காட்டி விரலை வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினார். பெயர், வீட்டு இலக்கம், தெரு. அதற்குப் பக்கத்தில் தொழில் போட்டிருந்தது. படவரைஞர்.

ஊரில் கட்டடத் திணைக்களத்தில் அவர் ஆறு வருடம் படம் வரைந்தவர். அது நான் கேள்விப்பட்டது மட்டும்தான். இங்கே அவரைக் கண்டது முழங்கால்வரையான ரப்பர் சப்பாத்தோடும் ஈரக் கையோடும்தான். தியாகலிங்கம் படிவத்தில் கீரை கழுவுபவர் என்று எழுதவில்லை.

அவர் நீண்ட நேரம் அந்த வரியைப் பார்த்தார். சந்தோஷப்படுகிறாரா, பயப்படுகிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே முகமாகத்தான் இருந்தது. மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களையும் படித்தார். ஒரு நர்ஸ், ஒரு பஸ் சாரதி, ஓய்வு பெற்றவர் ஒருவர்.

"இதைக் கிழிச்சால்?" என்றேன்.

"இந்தப் புத்தகம் ஒண்டுதான் இருக்கெண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டு மூடினார். வெளியே வந்த பிறகு சொன்னார்: "திங்கக்கிழமை பேரை எடுப்பிக்கிறன். அமைச்சர் கடிதத்தைத் தூக்கிப் பாக்கிற நாளில இது அங்க இருக்கக் கூடாது."

எப்படி எடுப்பிப்பது என்பதில்தான் எல்லாம் முட்டியது. உரிமை இல்லை என்று உண்மையைச் சொன்னால், உரிமை இல்லாமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நேரே அமைச்சரின் மேசைக்குப் போகும். வீடு மாறிவிட்டார் என்று சொன்னால் புது முகவரி கேட்பார்கள். மிஞ்சியது ஒன்றுதான். நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வது.

ஞாயிறு பின்னேரம் இதைச் சொன்னபோது இராசமலர் தலையில் கை வைத்தார்.

"அமைச்சருக்கு எழுதினதில அக்காவோட இங்க இருக்கிறான், அனுப்பாதையுங்கோ எண்டு கிடக்கு. இப்ப இவங்களுக்கு அவன் போயிட்டான் எண்டு சொல்லப்போறியள். போனவன் எண்டால், இங்க இருக்கிறவன் ஆர்?"

"அது வேற கந்தோர், இது வேற கந்தோர்," என்றார் குலசிங்கம், அமைச்சரின் அலுவலகத்தையும் தேர்தல் அலுவலகத்தையும் சொல்லி.

"இரண்டு கந்தோரும் கதைக்காதோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரக்குப் பெட்டிகளில் லேபல் ஒட்டுபவன். கணினிகள் ஒன்றோடொன்று கதைக்குமா என்பதை நான் எப்படி அறிவேன்? எங்கள் கொட்டகையில் இரண்டு கணினிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. அதைச் சொன்னேன். அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

தியாகலிங்கம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "போன் நான் எடுக்க மாட்டன்," என்றார். "என்ர இடாப்பில நான் ரெண்டு காரணத்துக்குத்தான் பேர் வெட்டினனான். செத்தவன், ஊரைவிட்டுப் போனவன். உயிரோட முன்னால இருந்து சோறு தின்னுறவனை வெட்டினதில்லை."

"நீங்கள் போட்டதாலதான் வெட்டவேண்டிக் கிடக்கு," என்றார் மனைவி.

"ரஜிதன் கதைக்கட்டும்."

நான் முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. அன்று போனை எடுத்த பெண்ணுக்கு என் குரல் தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஒரு நாளைக்கு நூறு பேரோடு பேசுகிறவளுக்கு என் குரல் எப்படி ஞாபகம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குக் குலசிங்கம் தானே போனை எடுத்தார். அன்று பள்ளி விடுமுறை. அதனால் தியாகலிங்கமும் வீட்டில் இருந்தார். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். இராசமலர் கதவில் சாய்ந்து நின்றார். நான் வேலையிலிருந்து வந்து படுக்கவில்லை.

குலசிங்கத்தின் ஆங்கிலம் மெதுவானது, ஆனால் சுத்தமானது. தன் பெயர் தியாகலிங்கம் என்று தொடங்கினார். செய்தித்தாள் ஒரு முறை அசைந்தது. தன் வீட்டுக்கு மைத்துனரின் பெயரில் வாக்குச்சீட்டு வந்திருக்கிறது, அவர் இப்போது இங்கே இல்லை என்றார். மைத்துனரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். தன் பெயரைத்தான் சொல்கிறார் என்பது குரலில் தெரியவில்லை. எப்போது போனார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். ஜூலை கடைசி என்றார். நிரந்தரமாகவா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கொஞ்சம் நின்று, ஓம் என்றார்.

பிறகு அவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அங்கத்தை அட்ரஸ் கேக்கிறா. பேரை எடுத்ததெண்டு கடிதம் தானாப் போகுமாம்."

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கொழும்பில் தெரிந்த ஒரு வீட்டின் முகவரியைக் கொடு என்றார் இராசமலர். அங்கே கடிதம் போனால் அந்த வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்பார்கள் என்றார் குலசிங்கம். அந்தப் பெண் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுத்துவிட்டுத் ஊரில் தங்கள் பழைய வீட்டின் முகவரியைச் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டில் ஷெல் விழுந்து மூன்று வருடம். இப்போது அந்த ஒழுங்கையில் யாரும் இல்லை. கடிதம் போனால் வாங்க ஆளில்லை. திரும்பி வந்தாலும் அலுவலகத்துக்குத்தான் வரும். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல முகவரி கிடையாது.

"கோப்பாய் தெற்கு," என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

செய்தித்தாள் கீழே இறங்கியது.

"தெற்கில்லை," என்றார் தியாகலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு. "கிணத்தடியோட தெற்கு முடியுது. உங்கட வீடு கோப்பாய் மத்தி. தபாலும் அங்கைதான் பிரிக்கிறது."

குலசிங்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்திச் சொன்னார். அந்தப் பெண் திருப்பிப் படித்துக் காட்டினாள் போலும்; தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தியாகலிங்கமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிழை போய்விடக் கூடாது என்பதுபோல. பிறகு குலசிங்கம் நன்றி சொன்னார். இன்னும் ஏதோ கேட்டாள். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வைத்தார்.

"எடுத்தாச்சோ?" என்றார் இராசமலர்.

"எடுத்துப்போட்டாவாம். அனுப்பினதைக் கிழிச்சுப்போடச் சொன்னவ."

"கடைசியா என்ன கேட்டவள்?"

"மைத்துனர் இருக்கிற இடத்தில இப்ப நல்ல வெயிலோ எண்டு கேட்டவ. இங்க ஒரே மழை எண்டா."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன்."

தியாகலிங்கம் செய்தித்தாளை மடித்தார். "புரட்டாசி முடியப்போகுது. அங்க மழை தொடங்கியிருக்கும்."

இராசமலர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதையும் எழுதியிருப்பாளோ?" என்று கேட்டார்.

"எதை?"

"வெயில் எண்டதை."

குலசிங்கம் என்னைப் பார்த்தார். எழுதியிருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தெரியாது என்றேன்.